ஆடு பேசக்கூடாது

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம், என் தொண்டை மட்டும் சுகமில்லை. அது நன்றாக இருந்திருந்தாலும் இதை எந்த முகத்தோடு போனில் சொல்வேன், அதனால்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் டீச்சர் சிவப்பு மை எடுக்க வேண்டாம், எனக்குத் தெரிந்த எழுத்து இவ்வளவுதான்.

போன வாரம் நீ பேசும்போது, கிறிஸ்துமஸ் விழா, பரீட்சைத் தாள், பாட்டுப் பயிற்சி எல்லாம் சேர்ந்து ஆளை அடித்துப் போடுகிறது, வீட்டுக்கு வந்து தூங்கத்தான் போகிறேன் என்றாய். நான் என்ன சொன்னேன், டீச்சருக்கு என்னடி, வருஷத்தில் பாதி நாள் லீவு, கர்த்தருடைய வேலையில் களைப்பு என்று சொல்லலாமா என்று சிரித்தேன். அதோடு விட்டேனா, நம் சபைப் பிள்ளைகளின் நாடகத்தை நீ வந்து நடத்துவாய் என்று பாஸ்டரிடம் வாக்குக் கொடுத்ததையும் பெருமையாகச் சொன்னேன். நீ "சரிம்மா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அப்பாவிடம் அதையும் பீற்றிக்கொண்டேன்.

நீ வரும்வரை பயிற்சியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இறங்கினேன். தேவதூதன் இறக்கையைப் பிய்த்து மேய்ப்பனை அடிக்கிறான், யோசேப்பு இந்த மரியாள் வேண்டாம் என்கிறான், ஆடுகள் ஓயாமல் பேச்சு. கத்திக் கத்தித் தொண்டை போனது. ஆடு பேசுமா, ஆட்டுக்கு ஏது வாய், மூச் என்று அதட்டினேன். தையல்காரரின் கடைக்குட்டி, பஞ்சு ஒட்டிய சட்டையோடு, என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நல்ல ஆடு என்று மெச்சிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மேடைப் பலகையில் ஈரம் ஓடியது. ஏன் கண்ணு சொல்லவில்லை என்றேன். "நீங்கதான ஆடு பேசக்கூடாதுன்னு சொன்னீங்க" என்றாள், அழக்கூட இல்லை.

அவளைக் கழுவித் துடைத்து வீட்டில் விட்டபோது எனக்குத் தலை நிமிரவில்லை. பிள்ளைதானே அக்கா என்று அவள் அம்மா சிரித்தது இன்னும் சுட்டது. வழியெல்லாம் உன் "சரிம்மா"தான் காதில். ஒன்றுக்குப் பத்தாக என்னிடம் வாயாடுகிறவள், நீ எப்போது சரிம்மா சொல்லியிருக்கிறாய்? வெட்கமாக இருக்கிறது மகளே, அந்த வாயையும் நான்தான் அடைத்தேன்.

அப்படியே திரும்பிப் பாஸ்டர் வீட்டுக்குப் போய், வாக்குக் கொடுத்தது என் வாய், என் மகள் இல்லை, அவள் தூங்க வருகிறாள் என்றேன். அப்படியென்றால் நாடகத்தை யார் நடத்துவது என்று கேட்டார். இந்த வருஷம் பிள்ளைகள் நின்று ஒரு பாட்டுப் பாடினால் போதாதா என்றேன். பாஸ்டரம்மா "அப்பாடா" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவரும் டீச்சர்தானே, களைப்பா என்று இத்தனை வருஷம் யார் கேட்டோம்?

நீயும் அங்கே பள்ளிக்கூட விழாவில் எதையாவது குறைக்கலாமா என்று உங்கள் தலைமை ஆசிரியையிடம் வாய் திறந்து கேள். இயேசு பிறந்த இடத்தில் ஜிகினாத் தாள் ஒட்டியா வைத்திருந்தார்கள்? நின்றுகொண்டே சாப்பிடாதே. உன் கட்டிலில் இருந்த துணி மூட்டையை எடுத்துவிட்டேன், ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டிருக்கிறேன். பையில் பசையும் கலர் பேப்பரும் இருந்தால் வாசலிலேயே பிடுங்கிக்கொள்வேன்.

ஆண்டவர் உனக்கு நல்ல தூக்கத்தைக் கொடுத்துக் காப்பாராக. மறக்காமல் பதில் போடு. நாலு வரி என்னைத் திட்டி எழுது, சரிம்மா என்று மட்டும் எழுதாதே.

இப்படிக்கு,
வாயைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும்
உன் அம்மா