எண்ணெய்த் துணி

மார்ச் 4, செவ்வாய்
குட்டிக்கான கட்டிலின் நான்கு கால்களும் இன்று நின்றுவிட்டன. ஒரு கால் நூலளவு குட்டை. மற்ற மூன்றையும் உப்புத்தாளில் தேய்த்துச் சமன் செய்தேன். ஆறு உளிகளையும் எண்ணிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பூட்டினேனா?

எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பூட்டித்தான் இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்
என் மரவேலை நடக்கும் பின்னறை வாசலில் நின்று அவர் கேலி செய்தார். "எல்லாரும் கடைக்குப் போய் கட்டில் வாங்குறாங்க. நம்ம வீட்டுல மட்டும்தான் பத்து மாசம் சுமந்து பெத்துக்கிட்டு இருக்கோம்."

சிரித்தேன். போகும்போது சொன்னதற்குச் சிரிப்பு வரவில்லை: "ஆனா ஒண்ணு. ஒரு தடவை ஏதாவது ஆச்சு, மொத்தத்தையும் மூட்டை கட்டிருவேன். வீட்டுல புள்ளை இருக்கு."

அது எனக்குத் தெரியாதா? குட்டி பிறந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. இன்னும் அவள் தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன். பால் சூடு, படிக்கட்டு, பிளக் பாயின்ட் எல்லாமே பயம். இழைப்புளியைத் தள்ளும்போது மட்டும்தான் தலைக்குள் சத்தம் நிற்கிறது. மரம் சுருள் சுருளாக விழும் அந்த ஒரு மணி நேரம்தான் நான் மனுஷியாக இருக்கிறேன். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

மார்ச் 9, ஞாயிறு
தேய்ப்பு முடிந்தது. பக்கத் தடுப்பின் மரக்கம்பிகளுக்கு நடுவே என் மூன்று விரல்தான் இடைவெளி. அவள் தலை நுழையாது. கை? கை மாட்டுமோ?

மார்ச் 11, செவ்வாய்
எழுத்து கோணலாக வருகிறது, வரட்டும்.

காலையில் கட்டிலுக்கு மெருகேற முதல் கோட்டு ஆளிவிதை எண்ணெய் தடவினேன். துடைத்த துணிகளைப் பின்னறைக் குப்பைக்கூடையில் போட்டேன். மத்தியானம் அவர் வந்து சாப்பிட்டுப் போனார். குட்டி, பின்னறைச் சுவருக்கு இந்தப் பக்கம் பாயில் தூங்கினாள். மூன்றரை மணிக்கு ஏதோ நாற்றம். அடுப்பைப் பார்த்தேன், அணைந்திருந்தது. பின்னறைக் கதவைத் திறந்தால் — புகை. கூடை ஒரு பக்கம் உருகி வழிகிறது. உள்ளே சிவப்பாகக் கனல். இழைப்புச் சுருளும் அதிலேயே கிடக்கிறது. துணி துவைக்க வைத்திருந்த வாளித் தண்ணீரை அப்படியே கொட்டினேன். திரும்பி ஓடி அவளை வாரித் தூக்கினேன். தூக்கக் கலக்கத்தில் "அம்மா, மழையா?" என்றாள்.

பத்து நிமிஷம் கழித்துப் பார்த்திருந்தா? நான் குளிக்கப் போயிருந்தா? ஐயோ.

அவர் வந்ததும் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 12, புதன்
நெருப்பு எங்கிருந்து வந்தது? ஸ்விட்ச் இல்லை, விளக்கு இல்லை. எண்ணெய் டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் — எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி வைக்காதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பற்றும், விரித்துக் காயவையுங்கள்.

உளியைப் பூட்டினேன். ரம்பத்தைப் பரண் மேல் வைத்தேன். எதைப் பார்த்து வருஷக்கணக்காகப் பயந்தேன், எதைக் கையாலேயே சுருட்டிப் போட்டேன்! அதில் இரண்டு துணி குட்டியின் பழைய சட்டை.

இன்று ராத்திரி சொல்லிவிட வேண்டும்.

சொல்லவில்லை.

மார்ச் 13, வியாழன்
அவர் முந்திக்கொண்டார். குட்டி தூங்கிய பிறகு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நான்தான்."

"என்னது?"

"செவ்வாக்கிழமை. சாப்பிட்டுட்டு பின்னறை ஜன்னல்கிட்ட நின்னு ஒரு சிகரெட்டு. அணைச்சுட்டுத்தான் கூடையில போட்டேன்னு நெனைச்சேன். சிகரெட்டை விட்டுட்டேன்னு உன்கிட்ட பொய் சொல்லிட்டு இருந்தேன்ல... எம் புள்ளையை நானே..."

அழுதார். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. முதுகைத் தடவிக் கொடுத்தேன். "விடுங்க" என்றேன்.

விடுங்க என்றா சொன்னேன்? எப்படி வாய் வந்தது?

மார்ச் 14, வெள்ளி
ஒருவேளை சிகரெட்டாகவே இருக்கலாமே? யாருக்குத் தெரியும்?

எனக்குத் தெரியும். அவர் போனது ஒன்றரை மணிக்கு. இரண்டு மணி நேரம் பீடிகை போட்டா ஒரு துண்டு சிகரெட் எரியும்?

மார்ச் 15, சனி
அவர் தட்டில் போட்டது போட்டபடி இருந்தது. குட்டி கையை நீட்டினாள், தூக்கவில்லை. "அப்பா கோவமா?" என்று என்னிடம் கேட்கிறாள். சொன்னால் பின்னறை போய்விடும். சொல்லாவிட்டால் இந்த மனிதர் போய்விடுவார். அவரைவிட என்னைப் பார்த்துத்தான் இப்போது பயமாக இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு
சொன்னேன். நம்பவில்லை. "எனக்காக சொல்றே, விடு" என்றார்.

குட்டியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டேன். பின்கட்டு சிமென்ட் தரையில் பழைய பெயின்ட் டப்பா, எண்ணெய்த் துணிகளின் உருண்டை, மேலே கொஞ்சம் இழைப்புச் சுருள். பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர். இருவரும் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அப்புறம் டப்பாவைத் தொட்டுப் பார்த்தவர் கையை இழுத்துக்கொண்டார்.

"சுடுது."

இன்னும் கொஞ்ச நேரத்தில் மெல்லிய புகை. நான் தண்ணீரைக் கொட்டினேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"புதன்கிழமை."

"வியாழக்கிழமை நான் அழுதேன்ல."

"ஆமா."

"மூணு நாளா எனக்குச் சாப்பாடு இறங்கலை. நீ பாத்துக்கிட்டே இருந்தே."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மார்ச் 17, திங்கள்
பின்னறையை நானே பூட்டிச் சாவியை அவர் மேசையில் வைத்தேன். அவர் எடுக்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை.

மார்ச் 19, புதன்
குட்டி வழியாகத்தான் பேச்செல்லாம் — "அம்மாகிட்ட சொல்லு, வர லேட்டாகும்."

மார்ச் 20, வியாழன்
காலையில் ஷூ மாட்டிக்கொண்டே, தரையைப் பார்த்தபடி: "அந்தக் கட்டிலுக்கு இன்னும் எத்தனை கோட்டு?"

"ரெண்டு."

"பாதியில நிக்குது."

சாவி என் தையல் டப்பா மேல் இருந்தது. எப்போது வைத்தார்?

மார்ச் 21, வெள்ளி
இரண்டாம் கோட்டு. நேரமாகிவிட்டது, அடிப்பக்கம் மிச்சம். துணி மூன்றையும் வெளிக்கொடியில் மடிப்பில்லாமல் விரித்துக் கிளிப் போட்டேன். சாயங்காலத்துக்குள் ஏழு முறை போய்த் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றுதான் இருந்தன.

மார்ச் 22, சனி
காலையில் கொடியில் கிடந்த துணிகளை எண்ணினேன். நான்கு துணி. நான் போட்டது மூன்று.

நான்காவது அவருடைய பழைய பனியன். சுருக்கமே இல்லாமல் விரித்து, மற்றவற்றிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஆறு கிளிப் போட்டிருந்தது.

பின்னறைக்குப் போய்க் குனிந்து கட்டிலின் அடிப்பக்கத்தைத் தடவினேன். விரலில் எண்ணெய் ஒட்டியது.