சுண்ணாம்பு படுத்த ஜன்னல்

மார்ச் 3, செவ்வாய்

கடையில் இன்று நாள் முழுக்க ஓட்டல் அறைகளுக்கான திரைச்சீலை. பழுப்புத் துணி, பழுப்பு நூல், பார்த்துப் பார்த்துக் கண்ணே பழுப்பாகிவிட்டது. வீட்டுக்கு வந்து எங்கள் வெள்ளைப் பூனை சுண்ணாம்பைத் தூக்கி மடியில் போட்டால், இடது காது நுனியில் பொருக்குத் தட்டியிருக்கிறது. சண்டை போட்டிருக்குமோ? யாரோடு? வாசலைத் தாண்டாத பூனை. "எறும்பு கடிச்சிருக்கும், விடு" என்றார் இவர். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். எதுவானாலும் ஒரு முடுக்கு முடுக்கினால் சரியாகிவிடும் என்று நினைப்பு.

மார்ச் 8, ஞாயிறு

பொருக்கு உதிர்ந்து, அதே இடத்தில் மறுபடி வந்திருக்கிறது. ஓரமெல்லாம் சிவப்பு. தொட்டால் தலையை உதறுகிறது.

சாப்பிடக் கூப்பிட்டபோது வரவில்லை. இதற்குப் பிறவியிலேயே காது கேட்காது. கூப்பிடுவதென்றால் குதிகாலால் தரையை இரண்டு தட்டு தட்ட வேண்டும். அதிர்வு தெரிந்து வாலைத் தூக்கிக்கொண்டு வரும். இன்று நாலைந்து முறை தட்டிவிட்டேன். உடனே கீழ் வீட்டு வாத்தியார் விளக்குமாற்றுக் கட்டையால் கூரையை இடித்தார். அந்த அதிர்வுக்குத்தான் சுண்ணாம்பு எழுந்து வந்தது!

மார்ச் 11, புதன்

மிருக டாக்டரம்மாவிடம் காட்டினோம். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"வெயில்ல படுக்குமா?"

"நாள் முழுக்க ஜன்னல்லதான் டாக்டர். எங்க வீட்ல இருக்கிறதே ஒரு ஜன்னல்தான்."

"வெள்ளைப் பூனைக்குக் காதுலயும் மூக்குலயும் முடி கம்மி. தோல்ல நிறமும் கிடையாது. வெயில் நேரா தோல்ல இறங்கும். வருஷக்கணக்கா பட்டுப் பட்டு இப்படி ஆகுது. இப்ப வெந்துபோன மாதிரி இருக்கு, அவ்வளவுதான். விட்டா புற்றா மாறிடும்."

புற்று. அந்தச் சொல்லுக்குப் பிறகு அவர் சொன்னதில் பாதி காதில் விழவில்லை. காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் நாலு வரை வெயிலில் விடக்கூடாதாம். "ரொம்பச் சுலபம்" என்று வரும் வழியெல்லாம் இவர் சொல்லிக்கொண்டே வந்தார். தனக்கா, எனக்கா, யாருக்குச் சொன்னார்?

மார்ச் 12, வியாழன்

சுலபமாம்! இவர் மருந்துக்கடையில் குழந்தைகளுக்கான வெயில் கிரீம் வாங்கி வந்து, என்னைக் கேட்காமலேயே இரண்டு காதிலும் அப்பிவிட்டார். அது முன்னங்காலால் துடைப்பதும் நக்குவதுமாக இருந்தது. எனக்கு என்னவோ போல இருந்து டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். "ஐயோ, மனுஷங்க பூசறதெல்லாம் போடாதீங்கம்மா, வயித்துக்குள்ள போனா அதுக்கு விஷம். முதல்ல கழுவிவிடுங்க" என்று ஒரு பிடி பிடித்தார். கழுவினோம். என் மணிக்கட்டிலும் இவர் கழுத்திலும் கீறல். மீதி கிரீமை வீணாக்க மனமில்லாமல் இவரே பூசிக்கொண்டு வேலைக்குப் போகிறாராம்.

மார்ச் 20, வெள்ளி

குல்லா தைத்துப் போட்டேன். கழற்றி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

மார்ச் 22, ஞாயிறு

ஜன்னலைச் சாத்திவைத்துப் பார்த்தோம். அறை அடுப்பாகிவிட்டது. படுக்கையறையில் போட்டு அடைத்தோம். தன் குரல் தனக்கே கேட்காத பூனை, அது கத்தினால் கட்டடமே எழுந்து உட்காரும். வாத்தியார் கூரையை இடித்து ஓய்ந்து, மேலேயே வந்துவிட்டார். "பூனையா வளக்கறீங்க, புலியா?" மன்னிப்புக் கேட்டுக் கதவைத் திறந்துவிட்டேன். அது நேரே ஜன்னலுக்கு ஓடிற்று. அதற்கு என்ன சொல்லிப் புரியவைப்பேன்? கேட்கிற காதாக இருந்தாலும் புரியுமா?

ஏப்ரல் 5, ஞாயிறு

எனக்கு எப்படி இத்தனை நாள் தோன்றவில்லை! ஊரார் ஜன்னலுக்கெல்லாம் திரை தைக்கிறேன், எங்கள் ஜன்னலில் ஒரு கந்தல் கூட இல்லை. கடையில் துணி வெட்டும் அண்ணனிடம் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஓட்டல் வேலையில் மிஞ்சிய துணியைத் தந்தார். ஒரு பக்கம் வெள்ளிப் பூச்சு உள்ள கெட்டித் துணி. "பூனையம்மாவுக்கு நம்ம அன்பளிப்பு. வெள்ளிய வெளிப்பக்கம் வெச்சித் தைங்க, வெயில வந்த வழியே அனுப்பிடும்."

இரவல் துரப்பணத்தால் இவர் கம்பி மாட்டினார், நான் திரையை மாட்டினேன். ஜன்னலைத் திறந்தே வைக்கலாம், காற்றும் வரும். பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டியிருக்கிறது, அவ்வளவு இருட்டு. சுண்ணாம்பு கட்டிலடியில் போய்ப் படுத்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு இன்று வாய்விட்டுச் சிரித்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

வலது காதிலும் பொருக்கு. ஏன்? தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் திரையை இழுத்துவிட்டு, மடிப்பைச் சரிசெய்துவிட்டுத்தானே போகிறேன். பழைய வெயிலின் பாக்கி இப்போது வெளியே வருகிறதோ என்கிறார் இவர். அப்படித்தான் இருக்க வேண்டும்.

மே 5, செவ்வாய்

தலைவலி என்று சொல்லி மதியமே வந்துவிட்டேன். தரையைத் தட்டினேன், வரவில்லை. கட்டிலடியில் இல்லை, சமையலறையில் இல்லை. அப்புறம்தான் பார்த்தேன், திரையின் அடிப்பக்கம் உப்பலாக இருந்தது.

விலக்கினேன். ஜன்னல் திண்டின் மேல், கம்பி வலைக்கும் திரைக்கும் நடுவில், மல்லாந்து கிடக்கிறது. கண் மூடி, வாய் லேசாகத் திறந்து, அத்தனை சுகமாக. கையை வைத்தேன் — சுட்டுவிட்டது. முன்னால் வெயில். பின்னால் என் வெள்ளித் துணி, அந்த வெயிலை வாங்கி அதன் மேலேயே திருப்பிக் கொட்டுகிறது.

எத்தனை நாளா இப்படி? மாட்டின மறுநாள்லேர்ந்தா? நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனதும் உள்ள நுழைஞ்சு படுத்திருக்கு. முன்னெல்லாம் லீவு நாள்ல கண்ணுல பட்டா தூக்கியாவது விடுவேன். இப்ப கண்ணுலயே படாம மறைச்சு வெச்சிட்டேனே. நான்தானே தைச்சேன். தினம் காலையில மடிப்பு வேற சரிபண்ணிட்டுப் போனேனே!

இவரிடம் சொன்னேன். திரையின் நாலு பக்கமும் கொக்கி அடித்துச் சுவரோடு இறுக்கினார்.

மே 8, வெள்ளி

சதைத்துணுக்கு எடுத்துப் பரிசோதித்துவிட்டார்கள். புற்றுதான். இரண்டு காதையும் எடுத்துவிட வேண்டும்.

திரையைப் பற்றி டாக்டரம்மாவிடம் சொன்னேன். "உங்களுக்கெப்படிம்மா தெரியும்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மே 22, வெள்ளி

எடுத்தாகிவிட்டது. தலை உருண்டையாக, ஓரங்களில் கறுப்புத் தையல். என் தையலை விட நெருக்கமான தையல். அந்தக் காதால் ஒரு நாளும் ஒரு சத்தமும் கேட்டதில்லை. வெயில் வாங்குவதற்கென்றே இருந்த காதுகள், பாவம்.

"ஆந்தை மாதிரி அழகா இருக்கேடா நீ" என்று இவர் கொஞ்சினார். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஜூன் 6, சனி

தையல் பிரித்தாயிற்று. நன்றாகச் சாப்பிடுகிறது. கொக்கி போட்ட திரையின் முன்னால் போய் உட்கார்ந்து, துணியை முன்னங்காலால் மெல்லத் தட்டுகிறது. திரும்பி என்னைப் பார்க்கிறது. மறுபடி தட்டுகிறது. நாங்கள் அதைக் கூப்பிடுவது போலவே இரண்டு தட்டு. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

ஜூன் 27, சனி

மூக்கில் ஒரு புண். எட்டு நாளாக ஆறவில்லை. இன்று காட்டினோம். தாடைக்குக் கீழேயும் கட்டி இருக்கிறதாம். நானும்தான் தினமும் தடவிக்கொடுக்கிறேன், என் கைக்குத் தட்டுப்படவே இல்லையே.

"இதையும் எடுத்துடலாமா டாக்டர்?" என்று இவர் கேட்டார், ஸ்பேர் பார்ட்ஸ் கேட்கிற மாதிரி.

"இனிமே வெட்டறதுல பிரயோசனம் இல்லைங்க. வலி தெரியாம பாத்துக்கலாம்."

"வெயில்?" என்றேன் நான்.

டாக்டரம்மா பூனையைத் தடவிக்கொண்டே இருந்தார். "ஆசைப்பட்டா படுத்துக்கட்டும்மா. இனிமே வெயில் என்ன பண்ணிடப் போகுது?"

ஜூன் 28, ஞாயிறு

இவர் கொக்கிகளைக் கழற்றினார். நான் திரையை இறக்கி மடித்து அலமாரியின் அடியில் வைத்தேன். மாட்டும்போது எப்படிச் சிரித்தேன்!

இப்போதெல்லாம் அதற்குத் தாவ முடியவில்லை. தூக்கித் திண்டில் விட்டேன். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வெயில் விழுகிற இடத்தில் சரியாகப் படுத்தது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. என் கை இரண்டு முறை தானாக எழுந்து அதன் தலைக்கு நிழல் பிடித்தது. அது தலையை நகர்த்தி வெயிலுக்குப் போய்விட்டது. கையை எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 9, வியாழன்

கடைக்குப் போகவில்லை. இவரும் போகவில்லை.

ஜூலை 18, சனி

கடையில் ஒரு அம்மா வெள்ளிப் பூச்சுத் துணியில் திரை கேட்டார். தோளில் வெள்ளை முடி ஒட்டியிருந்தது. "வீட்ல பூனை இருக்கா?" என்றேன். "அட, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று சிரித்தார். திரைக்குப் பின்னால் பூனை போய்ப் படுக்கும் என்று சொல்லி, ஓரமெல்லாம் கொக்கி வைத்துத் தருகிறேன் என்றேன். அளவு நாடாவை இரண்டு முறை தப்பாகப் படித்தேன். வெட்டும் அண்ணன் வந்து வாங்கிக்கொண்டார்.

மாடிப்படியில் கீழ் வீட்டு வாத்தியார் மறித்தார். "என்னம்மா, மேல சத்தத்தையே காணோம்? ஊர்ல இல்லையா?"

"இருக்கோம் சார்" என்றேன். "கூப்பிடறதுக்குத்தான் யாரும் இல்லை."

அவர் கையிலிருந்த பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே நின்றார். நான் மேலே வந்துவிட்டேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்ததும் பழக்கத்தில் குதிகால் தரையைத் தட்டிவிட்டது. இரண்டு தட்டு. அப்படியே நின்றேன். விளக்குமாற்றுக் கட்டை இடிக்கும் என்று காத்திருந்தேன். கீழேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.