தயாபரன் சேரின் பின்னிணைப்பு

2025 பெப்ரவரி 3

காலையில் மின்சாரம் இல்லை. பல்கலைக்கழக நூலகத்தின் இணையக் களஞ்சியத்தில் நான் ஏற்ற வேண்டிய ஆய்வேடுகள் வரிசையில் கிடக்கின்றன. ஒருவர் தன் கோப்புக்கு ‘உண்மையாகவே கடைசி’ என்று பெயர் வைத்து அனுப்பியிருந்தார். உள்ளே பாதி அத்தியாயத்தைக் காணவில்லை. திருப்பி அனுப்பினேன்.

பின்னேரம் ஒரு கலாநிதிப் பட்ட ஆய்வேடு வந்தது. யானையால் பயிரை இழந்த விவசாயிகளைப் பற்றியது. எழுதியவர் தயாபரன் சேர். பெயரைப் பார்த்ததும் கணினியை அணைத்துவிட்டேன். நாளைக்குத்தான் திறப்பேன். இன்றைக்குத் திறந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

பெப்ரவரி 4

பின்னிணைப்பு முழுவதும் என் கையெழுத்து!

ஒட்டுசுட்டான் பக்கம் வீடு வீடாகப் போய் நான் எழுதிய நேர்காணல் தாள்களை அப்படியே ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்கிறார். நன்றியுரையில் வான் வண்டிச் சாரதியின் பெயர்கூட இருக்கிறது. என் பெயர் இல்லை. அப்போது நான் அவருடைய தற்காலிக உதவியாளர். “வடிவா எழுதும் றிஃப்னா, உம்மட பேரும் வரும்” என்றார். தாள்களை வாங்கியதும் என் வேலையை நீட்டிக்கவில்லை. பீடத்தில் முறையிட்டேன். “ஆதாரம் இருக்கோ?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

இப்ப இருக்கு. அவரே கொண்டுவந்து தந்திருக்கிறார்.

இந்த மாதத்துக்குள் ஆய்வேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருந்தால்தான் அவருக்குப் பேராசிரியர் பதவி உயர்வாம். “கொஞ்சம் கெதியாச் செய்து விடுங்கோ” என்று நூலக மின்னஞ்சலுக்கு எழுதியிருக்கிறார். அதை வாசிப்பது நான் என்று அவருக்குத் தெரியாது.

செய்கிறேன் சேர். கெதியாகவே செய்கிறேன். உலகமே என் கையெழுத்தைப் பார்க்கட்டும்.

பெப்ரவரி 5

கன்ரீனில் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

பெப்ரவரி 7

எல்லாத் தாளையும் ஏன் வாசித்தேன்? வாசிக்காமல் ஏற்றியிருக்கலாம்.

கச்சு முகம்மது மாமாவின் தாள். மேலே பெயர், ஊர், தொலைபேசி இலக்கம். கீழே அவர் சொன்னது: வயல் வேலியில் களவாக மின்சாரம் விட்டது, விடியப் போய்ப் பார்த்தபோது யானை செத்துக் கிடந்தது. சொல்வதற்கு முன் கேட்டார். “மகள், இது வெளியில போகாதே?”

“போகாது மாமா. பேர் ஒரு இடத்திலயும் வராது” என்றேன். அப்படிச் சொல்லச் சொன்னது சேர். சொன்ன வாய் என்னுடையது.

இதை ஏற்றினால் சேர் விழுவார். கூடவே யானையைக் கொன்றதற்காக அந்த மனிதரை மறியல் சிறையில் போடுவார்கள்.

பெப்ரவரி 9

சேர் ஒருத்தரையும் யோசிக்கேல்ல. நான் மட்டும் ஏன் யோசிக்கோணும்? மாமாவைப் பிடிச்சாலும் பிணையில விடுவாங்கள்தானே, வயசான மனுசன் —

சீ. என்ன கதை கதைக்கிறன் நான்.

பெப்ரவரி 12

அந்த ஒரு தாளை மட்டும் உருவிவிடலாமா என்று பார்த்தேன். ஒப்படைத்த ஆய்வேட்டில் நாங்கள் கை வைக்கக்கூடாது. திருப்பி அனுப்பத்தான் முடியும். அனுப்பினேன். ‘பெயர் வெளிவராது என்று உறுதி கொடுக்கப்பட்டவர்களின் பெயர்கள் இதில் உள்ளன.’ ஆய்வு நெறிக்குழுத் தலைவர் கமலாசனி மிஸ்ஸுக்கும் ஒரு பிரதி போட்டேன்.

உலகம் பார்க்காது. அதுதான் வயிற்றெரிச்சல்.

பெப்ரவரி 17

மிஸ் கூப்பிட்டா. எல்லாவற்றையும் சொன்னேன், கையெழுத்தையும் காட்டினேன். அவா சேரிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டா.

“தான்தான் கேள்வி கேட்டவராம். நீர் பக்கத்தில இருந்து எழுதினீராம்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “அவர் அந்தப் பக்கமே வரேல்ல மிஸ்!”

மிஸ் கலண்டரை எடுத்துப் பார்த்தா. “சரி. பேரோட போடுறதெண்டா அந்த ஆக்களிட்ட ஒப்புதல் வாங்கோணும். அவர் போய்க் கேக்கட்டும். நானும் கூடப் போறன்.”

பெப்ரவரி 24

இன்று போய் வந்தார்கள். மிஸ்ஸை இரண்டு தரம் சொல்ல வைத்தேன்.

கச்சு முகம்மது மாமா வீட்டு வாசல் படலையில் அவருடைய மனைவி ஆசியா உம்மா நின்றாவாம். சேர் சிரித்துக்கொண்டு, “என்னை ஞாபகம் இருக்கோ அம்மா?” என்று கேட்டாராம்.

“நீங்க ஆரு, புது விதானையா?” கிராம அலுவலர் என்று நினைத்திருக்கிறா.

ஆய்வுக்காக வந்தது தானென்று சேர் சொல்லியிருக்கிறார். ஆசியா உம்மா படலையைத் திறக்கவே இல்லையாம். “இஞ்ச வந்தது ஒரு பிள்ளை. தனியத்தான் வந்தது. மழையில நனைஞ்சு வந்து குசினிக்குள்ள அடுப்படியில இருந்து எழுதினது. உங்களை நான் கண்டதே இல்ல.”

அடுத்த வீட்டில் இரஞ்சிதம் அக்கா, யானை நட்டஈடு கொடுக்காத அதிகாரி இவர்தான் என்று நினைத்து வெயிலில் நிற்கவைத்து ஏசினாவாம். மற்ற வீடுகளிலும் அவரை ஒருவருக்கும் தெரியவில்லை. திரும்பி வரும்போது அவர் வாகனத்தின் கடைசி இருக்கையில் போய் இருந்தாராம். நானும் போயிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டேனே!

மார்ச் 19

பதவி உயர்வு நிறுத்தப்பட்டது. விசாரணை முடியும்வரை விரிவுரையும் இல்லை.

சேர் நூலகத்துக்கு வந்தார். “ஒரு சொல்லு என்னட்டச் சொல்லியிருந்தா நான் பேரைப் போட்டிருப்பனே, றிஃப்னா.”

“சொன்னனான் சேர். எத்தினையோ தரம்.”

பாவமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. நன்றாகவே இருந்தது.

ஜூலை 8

ஆய்வேட்டை மீளப்பெறச் சொல்லி விசாரணைக் குழு முடிவு செய்துவிட்டது. கோப்பு கிடையாது, ஆனால் தலைப்பும் பெயரும் காரணமும் உள்ள ஒரு பக்கம் களஞ்சியத்தில் எப்போதும் இருக்கும். காரணத்தை நான் தட்டச்சுச் செய்ய வேண்டும். முதலில் கள்ளன் என்பதில் தொடங்கி நிறைய எழுதினேன். அழித்தேன். ‘இதிலுள்ள நேர்காணல்களைச் செய்தவர் இதன் ஆசிரியர் அல்லர்.’ நூலகர் வாசித்துவிட்டு, “இவ்வளவும் போதும்” என்றார்.

இணையத்தில் அவருடைய பெயரைத் தேடினேன். அந்தப் பக்கம்தான் முதலில் வருகிறது. அவர் எங்கே வேலைக்குப் போனாலும் அதுதான் முதலில் வரும். வரட்டும்.

கச்சு முகம்மது மாமாவின் பெயரைத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

பிறகு என் பெயரைப் போட்டுத் தேடினேன். அதுவும் வரவில்லை.