ஜனாஸாவில் சொல்ல வைத்திருந்த சொல்

2008 மார்ச் 11, செவ்வாய்

தேநீர்க் கடையில் என் லபெயேயில் சர்க்கரை வேண்டாம் என்றேன். உடம்புக்கு என்ன சயா என்று கடைப் பையன் கேட்டான். பர்மாவில் வாத்தியார் என்றால் சயாதான். ஒன்றுமில்லை, நெடுநாள் இருக்க வேண்டும் என்றேன். உண்மைதான். காஜா மைதீனுக்கு முன்னால் நான் போய்விடக் கூடாது. வயது என் பக்கம் இருக்கிறது, அவர் என்னைவிடப் பத்து வருடம் மூத்தவர். ஆனாலும் சில எருமைகள் லேசில் சாவதில்லை.

மாலை டியூஷனில் பிரெஞ்சு மன்னனின் விசாரணை, 1793 ஜனவரி. சபை உறுப்பினர் ஒவ்வொருவரும் மேடையேறி, எல்லோர் காதிலும் விழும்படி, அவனுக்கு என்ன தண்டனை என்று வாயால் சொல்ல வேண்டும். சீட்டில் எழுதிப் போட்டுவிட்டு நழுவ முடியாது. பிள்ளைகளுக்கு அது பரீட்சைக் கேள்வி. எனக்கு அது பல வருட ஆசை.

மார்ச் 14, வெள்ளி

போட்டாதாங்கில் கிடங்கு வைத்திருந்த ஒரு பெரியவரின் ஜனாஸா. தொழுகைக்கு முன் மூத்த மகன் எழுந்து, நம் வழக்கப்படி சபையைப் பார்த்துக் கேட்டான்: "எங்க வாப்பா யார் மனசையாவது நோகடிச்சிருந்தா அல்லாவுக்காக மன்னிச்சிடுங்க." மன்னித்தோம் என்று எல்லோரும் முணுமுணுத்தார்கள். நானும்தான். அந்தக் கேள்விக்கு ஒருவர் இல்லை என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது. சொல்லிவிட்டால் இறந்தவர் அந்தப் பாரத்தோடு குழிக்குள் போக வேண்டியதுதான்.

முன் வரிசையில் காஜா மைதீன். எங்கள் தெருவின் பத்து வீட்டுத் தலைவர், அதாவது அரசாங்கத்தின் கண். 88 செப்டம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும், அதுவரை போராட்டத்தில் இருந்த என் தம்பி நிஹால் ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் ஒளிந்திருந்தான். உம்மாவைப் பார்க்க ஒருநாள் வீட்டுக்கு வந்தான். விடியற்காலையில் சிப்பாய்களைக் கூட்டிவந்து எங்கள் கதவைக் காட்டியவர் இவர்தான். நிஹால் சிறையில் செத்தான். உடலைக்கூடத் தரவில்லை. மய்யித்தைப் பார்க்காமல் தொழுகை வேண்டாம் என்று உம்மா சொல்லிவிட்டார். உம்மா மௌத்தான பிறகும் நான் வைக்கவில்லை. முதலில் இவருடைய ஜனாஸா. அங்கே இவர் மகன் எழுந்து கேட்பான். அங்கே நான் சொல்வேன்.

ஏப்ரல் 10, வியாழன்

புதிய அரசியல் சட்டம் புத்தகமாகக் கடைக்கு வந்துவிட்டது. மே மாதம் அதற்கு மக்கள் ஓட்டு. பிரான்சில் சட்டத்துக்கு ஓட்டு வைத்தார்களா என்று டியூஷனில் ஒரு பெண் கேட்டாள். வைத்தார்கள். மன்னன் தலை போன அதே வருடம். பல ஊர்களில் கூட்டத்தின் நடுவே எழுந்து வாயால் சொல்ல வேண்டியிருந்தது. லட்சக்கணக்கில் ஆம். இல்லை என்றவர்கள் கொஞ்சம் பேர். அப்புறம் அந்தச் சட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டார்கள், நடைமுறைக்கு வரவே இல்லை என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

மே 5, திங்கள்

புயல் போய்விட்டது. எங்கள் கூரையில் பாதியும் அதோடு போய்விட்டது. தெரு முழுக்க மரம். தண்ணீர் இல்லை, கரண்ட் இல்லை. டாலாவில் குடிசைகளே மிச்சமில்லை என்கிறார்கள்.

மரம் அகற்றப் போன இடத்தில் காஜா மைதீன் காலைத் தகரம் வெட்டிவிட்டதாம். சர்க்கரை நோயாளி. பாவம் என்றாள் என் மனைவி மிஸ்பா. இவ்வளவு சாவுக்கு நடுவில் எனக்கு மட்டும் மனசு குளிர்ந்தது. அல்லா என்னை மன்னிக்கட்டும்.

மே 23, வெள்ளி

நாளை இங்கே ஓட்டு. புயலடித்த ஊர் என்று எங்களுக்கு இரண்டு வாரம் தள்ளிவைத்திருந்தார்கள். சாயங்காலம் காஜா மைதீன் காலில் கட்டோடு சைக்கா வண்டியில் வந்து இறங்கினார்.

"நீங்க அலைய வேணாம் சயா. உங்க வீட்டு ரெண்டு ஓட்டையும் போட்டாச்சு."

எதில் என்று கேட்டேன். எல்லாரும் எதுலயோ அதுலதான் என்று சிரித்தார். கட்டிலிருந்து நாற்றம் வந்தது.

டேய் பாவி. என்னைக் கேக்காமலே ஆம்னு போட்டுட்டியா? ஆயுசுல ஒரு தடவை என்கிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க. அதுக்கும் நீயே பதில் சொல்லிட்டே! — பரவாயில்லை. என்னிடம் இன்னும் ஒரு ‘இல்லை’ மிச்சம் இருக்கிறது. அதை நீ எனக்காகப் போட முடியாது.

மே 27, செவ்வாய்

நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டுக்கு மேல் ஆம் என்று அறிவித்துவிட்டார்கள். அதில் நானும் ஒருவன்.

ஜூன் 3, செவ்வாய்

காஜா மைதீனின் மகன் ரிஹான் வந்தான். என்னிடம் படித்தவன். வாப்பாவுக்கு விஷம் மேலே ஏறிவிட்டது, பேச்சு நிற்பதற்குள் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள் என்றான். தலைவலி, நாளை பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். படுக்கையில் கிடந்து தனியாகக் கேட்பார், நானும் தனியாகச் சொல்ல வேண்டும். அது எதற்கு எனக்கு? எனக்கு ஊர் கேட்க வேண்டும்.

சாகப்போகிறவர் கூப்பிட்டால் போக வேண்டும் என்று மிஸ்பா சண்டை போட்டாள். நிஹால் சாகும்போது யாரைக் கூப்பிட்டானோ, யார் போனார்கள் என்றேன்.

ஜூன் 6, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

இன்று காலை மௌத். ஜும்ஆவுக்குப் பிறகு ஜனாஸா, பள்ளி நிறைந்த கூட்டம். ரிஹான் எழுந்து கேட்டான். முணுமுணுப்பு தொடங்குமுன் நான் எழுந்துவிட்டேன்.

"நான் மன்னிக்கல. என் தம்பி நிஹாலைக் காட்டிக்கொடுத்தவர் இவர்."

வாசலில் வார்டு ஆபீஸ் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர்களுக்காகப் பர்மியிலும் ஒருமுறை சொன்னேன். ரிஹான் தலை குனிந்தான். இமாம் கொஞ்சம் காத்திருந்துவிட்டுத் தக்பீர் கட்டினார். நான் தொழாமல் வெளியே வந்தேன்.

கடையில் லபெயே சொன்னேன். சர்க்கரை தூக்கலாக.

ஜூன் 9, திங்கள்

வார்டு ஆபீசிலிருந்து யாரும் வரவில்லை. பள்ளிப் பெரியவர்கள் வந்தார்கள். நிஹால் பெயரைச் சபையிலே சொன்ன பிறகு என்ன பயம், உடல் இல்லாமலே அவனுக்கு மறைவான ஜனாஸா தொழவைப்போம் என்றார்கள். எங்கள் ஷாபி வழியில் அது உண்டு. வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று. அவர்கள் போன பிறகு அழுதேன்.

வாரிசாக நின்று சபையிடம் நீங்கள்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாள் மிஸ்பா. கேட்கிறேன், அதற்கென்ன என்றேன்.

"முகைதீனை மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. காஜா மைதீனின் மனைவி சுல்தான் பீவியின் தம்பி. 88 ஆகஸ்டில் எங்கள் பையன்கள் தெருவில் தடுப்புப் போட்டுக் காவல் காத்தபோது, தண்ணீரில் விஷம் கலக்க வந்த ஒற்றன் என்று அவரைப் பிடித்தார்கள். விஷமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்று பிறகு தெரிந்தது. அதற்குள் கூட்டம் அடித்தே கொன்றுவிட்டது. நிஹால் அடிக்கவில்லை. கையைக் கட்டியவன்தான்.

பாரிஸிலும் இதுதானே நடந்தது, துரோகி என்று ஒருவன் கத்தினால் போதும். வருடாவருடம் அதைப் பாடம் நடத்துகிறேன். ஒருநாளும் முகைதீன் ஞாபகம் வந்ததில்லை.

கட்டினான், அவ்வளவுதானே?

ஜூன் 13, வெள்ளி

எழுந்து நின்றேன். பல வருடம் அடுத்தவர் வாயில் கேட்ட வாக்கியம், என் வாயில் பாதியில் நின்றுவிட்டது. முன் வரிசையில் ரிஹான். எப்படியோ முடித்தேன். பின்னாலிருந்து மன்னித்தோம், மன்னித்தோம் என்று வந்தது. ரிஹான் எழுந்தான்.

"நாங்க மன்னிக்கல சயா. எங்க மாமா கையைக் கட்டினவர் அவர்."

கத்தவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். பிறகு, என்னைப் போலவே, பர்மியிலும் ஒருமுறை. தக்பீர் கட்டியபோது வெளியே போய்விட்டான், நான் போனதுபோலவே.

என் தம்பி முழங்கால் மடக்கிக் கெஞ்சுவதுபோல ஒரு எண்ணம், தொழுகை முழுக்க.

வீட்டுக்கு வந்து ரிஹானைத் திட்டி ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டேன். அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லையே.

ஜூன் 16, திங்கள்

காஜா மைதீன் வீட்டுக்குப் போனேன். அந்தப் படியை மிதித்து இருபது வருடம் ஆகிறது. ரிஹான் நாற்காலியை இழுத்துப் போட்டான். சுல்தான் பீவி இத்தா இருக்கிறார், கணவர் மௌத்துக்குப் பின் வேற்று ஆண்கள் முன் வரக் கூடாத நாட்கள்; திரைக்குப் பின்னாலிருந்து பேசினார். நிஹாலுக்காக மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறேன் லாத்தா என்றேன்.

உள்ளே வளையல் சத்தம் இல்லை, தஸ்பீஹ் மணி உருளும் சத்தம் மட்டும்.

"தர்றேன் தம்பி. எங்க ஆளை மன்னிச்சேன்னு நீங்க மொதல்ல சொல்லுங்க. ஊர் கேக்க வேணாம், நான் கேட்டாப் போதும்."

நியாயம்தான். வாயைத் திறந்தேன். வரவில்லை. மறுபடி முயன்றேன். ரிஹான் தேநீரைக் கொண்டுவந்து வைத்தான். குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நாளைக்கும் போக வேண்டும்.