கருத்து இல்லாத கசிவு

நாள் 61. காலை 7.10

நிலவின் மறுபக்கம், நான்காம் ஆய்வு நிலையம். பணியில் ஒருவர்: அருளானந்தம், முன்னாள் நிருபர், வயது 58. வடக்குச் சுவரின் இணைப்பில் காற்று கசிகிறது. கசிவை அடைக்கும் மாற்று வளையம் இங்கே இல்லை. மீதமுள்ள காற்று ஒன்பது நாளுக்கு. மீட்புக் கலம் வந்துசேர நான்கு நாள். அளவுகளைத் தானாக அனுப்பும் கருவி போன மாதமே செத்துவிட்டது. பூமியில் உள்ள தரைநிலையத்துக்கு என் எழுத்தைத் தவிர வேறு தகவல் இல்லை.

நாள் 62. பகல் 11.40

பதில் வந்தது, பொறியாளர்களிடமிருந்து அல்ல. இந்தக் குறிப்புகளைத் தொடர்கதையாக வெளியிடும் வார இதழின் ஆசிரியர் கனகவேல் அனுப்பியிருக்கிறார்.

"சார், கசிவு பிரமாதம். ஆனா அது எதச் சொல்லுது? தனிமையவா, பேராசையவா? வாசகருக்கு ஒரு கருத்து வேணும் சார்."

காற்றைச் சொல்கிறது என்று பதில் அனுப்பினேன். கதை எழுத வருபவர்களுக்குக் கனகவேல் தரும் பாடம் ஒன்றுதான்: முதலில் கருத்தைத் தேர்ந்தெடு, பிறகு அதற்கு ஒரு விண்கலத்தை மாட்டு. மாட்டுக்கு லாடம் அடிப்பவர்கூட முதலில் காலைப் பார்ப்பார்.

நாள் 64. காலை 8.05

ஆறு நாள். பொறியாளர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். இதைக் கண்டெடுப்பவர் என்னையும் சேர்த்தே இகழலாம்.

கனகவேல் கேட்டார் என்று இருபதாம் நாள் குறிப்பில், வராத ஒரு விண்கல்லை இந்தக் கூரைமேல் விழவைத்தேன். அதன் கருத்து, மனித உறுதி. விபத்தில் இறந்தவர் எண்ணிக்கையை மூன்று இடத்தில் சரிபார்த்து முப்பத்தொரு வருடம் செய்தி எழுதியவன் நான். அன்று தரையில் அதை நம்பி மீட்புக் கலத்துக்கு எரிபொருள் ஏற்றியேவிட்டார்கள். அதன்பின் ஒரு விதி வந்தது: இங்கிருந்து வரும் எல்லாக் குறிப்பும் 'கதை' என்ற முத்திரையோடு இதழுக்கே போகும். சம்மதித்துக் கையெழுத்திட்டேன். படித்துப் பார்த்துத்தான் இட்டேன்.

நாள் 65. பகல் 2.30

ஐந்து நாள். முத்திரையை மறந்துவிட்டு அளவை மட்டும் பார்க்கும்படி, தலைமைப் பொறியாளர் ரோசலின் பெயரைப் போட்டே எழுதினேன். இதழின் இணையப் பக்கத்தில் உடனே படித்துவிட்டு அவரே பதில் அனுப்பினார்.

"அண்ணே, என் பேரையும் கதையில போட்டுட்டீங்களே. வீட்ல எல்லாரும் அழுதுட்டோம். அம்மாவுக்கு ஒரே பெருமை."

நாள் 67. நேரம் பார்க்கவில்லை

மூன்று நாள். இனிக் கலம் புறப்பட்டும் பயனில்லை. தலை வலிக்கிறது, வரி கோணுகிறது. கனகவேல் விடவில்லை.

"முடிவுல மட்டும் கொஞ்சம் நம்பிக்கை வேணும் சார். ஆளு பிழைச்சிக்கிற மாதிரி. ரெண்டு வரி போதும்."

அவரிடம் இதுவரை யாரும் ஒரு திருகாணியைக்கூடக் கொடுத்து முடுக்கச் சொன்னதில்லை போலும்.

நாள் 70

நம்பிக்கை அனுப்பவில்லை. அடுத்த மாதம் எனக்குப் பதிலாக ஒருவர் வருவார். அவருக்கு வடக்குச் சுவர் வளையம் வேண்டும். உள்விட்டம் 38 மில்லிமீட்டர். மூன்று முறை அளந்தேன். முப்பத்தெட்டு. கனகவேல், வாசிக்க அழகாயிருக்கும் என்று இதை நாற்பதாக்கி