பேத்தை விட்ட குமிழி

ஆவணி 10, செவ்வாய்

தொட்டியைக் கழுவுவதற்காக இன்று பேத்தை மீனை வலையால் வெளியே தூக்கிவிட்டேன். அது பயந்து பந்துபோல் உப்பியது. மறுபடி தண்ணீரில் விட்டதும் வயிறு மேலாக மிதந்தது. மீன் வாங்கிய காரைக்குடிக் கடைக்குப் போன் செய்தேன்.

"வெளிய தூக்குனீகளாய்யா? காத்தைக் குடிச்சிருச்சு. தண்ணிக்குள்ளயே வாய் மேல இருக்க மெல்லப் பிடிங்க. காத்துப் போகலைன்னா பிழைக்காது."

பிடித்தேன். கை மரத்துப்போனது. மனைவி வள்ளி எட்டிப் பார்த்தாள்.

"என் பிரசவத்துக்குக்கூட நீக இப்படித் தவிச்சதில்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெகுநேரம் கழித்து அதன் வாயிலிருந்து ஒரு குமிழி வந்தது. பிறகு இன்னொன்று. மீன் சுருங்கி, என் விரலைக் கடித்துவிட்டு நீந்திப் போனது.

எழுதக் கற்ற நாளிலிருந்து இந்தச் சொல்லை இன்றுதான் முதல்முறையாக எழுதுகிறேன். விரல் வலிக்கிறது. இருந்தாலும் இன்னொரு முறை எழுதிப் பார்க்கிறேன். குமிழி.