கீழ்ப்படியில் மூன்று தட்டு

பதிவு 41. 3 மார்ச் 2079, காலை 7.10
ஒன்பதாம் தீவு. நீர் வெப்பம் 33. கத்திப்பிடியால் முதுகிலிருந்த காற்று உருளையில் மூன்று முறை தட்டினேன். பவளப் பொந்துகளிலிருந்து பேய்க்கணவாய்கள் வந்தன, எட்டுக் கைகளையும் நீட்டிக்கொண்டு. எண்ணிக்கை 212. ஆளுக்கொரு நண்டு கொடுத்தேன். வாராந்தர ஆய்வுக்கு ஒரு கணவாயைப் பிடித்து அறுத்தாயிற்று.

இங்கே நாங்கள் இருவர்தான். நான் தமயந்தி, ஆய்வாளர். ரெமிஜியுஸ், தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். நீருக்கடியில் நாங்கள் ஒருவரையொருவர் அழைப்பதும் மூன்று தட்டுதான். வேறு சைகை வைக்க எனக்குச் சோம்பல். 17ஆம் தேதி படகில் வரும் ஆறு முக்குளிப்பவர்களுக்கும் இதையே வயர்லெஸில் சொல்லிவைத்திருக்கிறேன்.

பதிவு 44. 6 மார்ச், 7.10
படகுத்துறையின் கீழ்ப்படியில் மூன்று தட்டு. இறங்கிப் பார்த்தால் இரண்டு சிங்கி இறால், உயிரோடு. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? வறுத்துத் தின்றோம்.

பதிவு 47. 9 மார்ச், 7.05
நான்காம் நாள். தட்டுவதற்கு முன்பே படியில் போய் நிற்கிறோம். சிரிப்பாக இருந்தது.

பதிவு 48. 10 மார்ச், 9.25
ரெமிஜியுஸ் கீழே, நான் படகுத்துறையில். வயர்லெஸில் அவர்: "மேடம், மூணு தட்டு கேக்கு. நீங்கதான தட்டுதிய? இந்தா வாரேன்."
நான்: "நான் மேலே இருக்கேன். போகாதீங்க."
மீண்டும் மீண்டும் கூப்பிட்டேன்.

11.40
இறங்கி இரண்டு மணி நேரம் தேடினேன். அவர் உடுப்பு மட்டும் மணலில் கிடந்தது. கழுத்திலிருந்து அடிவயிறு வரை நேரான ஒரே கீறல். நான் கணவாயை அறுப்பதும் இப்படித்தான்.

அவரை இங்கே கூட்டிவந்தது நான். என்னை நானே மன்னிக்க மாட்டேன்.

வயர்லெஸ் நனைந்துவிட்டது. அதற்குக் காது கேட்கிறது, பேச வாய் இல்லை.

பதிவு 55. 17 மார்ச், 7.10
ஒரு வாரமாகப் படிப்பக்கம் போகவில்லை. தட்டு நிற்கவில்லை. இன்று மேலிருந்து எட்டிப் பார்த்தேன். கீழ்ப்படியில் ஏழு சிங்கி இறால்.
நான் ஒருத்திதானே. எதற்கு ஏழு?

8.30
படகு தெரிகிறது. அதில் ஆறு பேர்.

8.40
வெள்ளைத் துணியை ஆட்டுகிறேன். அவர்களும் உற்சாகமாகக் கையாட்டுகிறார்கள். எஞ்சின் சத்தத்தில் என் கத்தல் போகாது. தண்ணீரில் நீந்திப் போய்ச் சொல்லவும் எனக்குத் துணிவில்லை. வெட்கமாக இருக்கிறது.

8.52
வயர்லெஸில் ஒரு பெண் குரல்: "மேடம், நீங்க தட்டுறது நல்லா கேக்குது. எல்லாரும் தண்ணிக்குள்ள இறங்கிட்டோம்."

8.53
தட்டுவது நானல்ல. என் கையில் துணி மட்டும்தான் இருக்கிறது.